கணவர்களை வெளியே நிறுத்திய டாக்டரம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் ஐயா அவர்களே, புதிதாக வந்திருக்கும் இளம் டாக்டர் அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நம் டாக்டரம்மாவின் நினைவுக் கூட்டத்தில் இந்த மனநல மருத்துவமனையின் வாயில்காவலன் வணங்குகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. பார்த்ததைச் சொல்கிறேன்.

இங்கே அதிகம் யார் வருவார்கள்? இருபது வயதுப் பையன்கள். கதவை உடைத்திருப்பான், தெருவே கூடியிருக்கும், நாலு பேர் பிடித்து வருவார்கள். பெண்கள் வார்டில் பாதிக் கட்டில் காலி. காதில் குரல் கேட்கிற இந்த நோய் பொம்பளைக்குக் குறைவு என்று நாங்களே பேசிக்கொண்டோம். நம் டாக்டரம்மா ஒருவர்தான் கேட்டார்: "கம்மியா வருதா, கம்மியா கூட்டிட்டு வராங்களா?"

பையனுக்கு இளவயதில் வருவது, பெண்ணுக்குப் பல நேரம் பிந்தி வரும். ஐம்பதை ஒட்டியும் வரும். வீடு அதை நோய் என்றா சொல்லும்? வயசுக்கோளாறு என்று சொல்லும். அடுப்பு எரிகிறது, பிள்ளை சாப்பிடுகிறது. அவள் காதுக்குள் யார் திட்டினால் யாருக்கு என்ன!

ஒரு தையல்காரர், தூக்கமில்லை என்று மனைவியைக் கூட்டிவந்தார். மனைவியிடம் கேட்டதற்கெல்லாம் இவரே பதில் சொன்னார். டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், "அண்ணே, இவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க. மெதுவா குடிக்கட்டும்" என்றார். டீக்கடையில் மனிதர் ஒரே பெருமை. மனைவி மிஷினைத் தொடவே மாட்டாளாம், எல்லாம் கைத்தையலாம், அவ்வளவு நுணுக்கமாம். அதே நேரம் உள்ளே அந்த அம்மா சொல்லியிருக்கிறார்: "மிஷின் ஓடுனா உள்ளேருந்து ரெண்டு பேர் என்னைத் திட்டுறாங்க டாக்டர்." அந்த அம்மா இதோ முன்வரிசையில் இருக்கிறார், அவர் சொல்லச் சொல்லித்தான் சொல்கிறேன். இப்போது மிஷினில்தான் தைக்கிறார்.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை பெண்களுக்கு மட்டும். கணவர்களைப் பேச்சில் பிடித்து வைப்பது என் வேலை. பாதி வைத்தியம் தன்னுடையது என்று டீக்கடைக்காரர் கேலி செய்வார். ஆணுக்கு அளந்த மாத்திரையை அப்படியே பெண்ணுக்கும் அளக்காதீர்கள் என்று எத்தனை டாக்டர்களிடம் டாக்டரம்மா மல்லுக்கட்டினார்! அந்தக் குரலா அடங்கிவிட்டது?

இனி செவ்வாய்க்குத் தனி அறை வேண்டாம் என்று பேச்சு அடிபடுகிறது, ஐயா. போன செவ்வாய் அறை பூட்டியிருந்தது. புதிதாக ஒரு பெண் வந்தார். டாக்டரம்மா தவறிவிட்டார் என்றேன். பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "அப்ப நான் யாருகிட்ட சொல்றது?"

அடுத்த செவ்வாய் வாங்கம்மா என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இளம் டாக்டர் அவர்களே, நாளைக்குச் செவ்வாய். கதவைத் திறந்து வைப்பது என் பொறுப்பு. உள்ளே உட்கார்ந்திருப்பது உங்கள் பொறுப்பு.