கழண்டு விழும் கதவு

— நிறுத்துடா! முப்பதாவது தடவை கழண்டு விழுந்திருக்கு, இன்னும் என்னையே குத்தம் சொல்லிட்டு...

— பின்ன யாரைச் சொல்றது? தினம் முறுக்கறது நீ. நான் நாற்காலியில உக்காந்து வெறும் வாய்தானே...

— அந்த வாய்தான்டா கோளாறு! கூடப் பிறந்த தம்பி, மிஷின் மெக்கானிக், அவனுக்குத் தெரியாததான்னு கேட்டேன் பாரு!

— அடுப்படி அலமாரிக் கதவுதானேக்கா இது. ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. கத்தாம உக்காரு, முதல்ல இருந்து பண்ணலாம். ஓட்டை தளர்ந்திருந்துச்சே, தீக்குச்சி அடைச்சியா?

— அடைச்சேன். பசை தொட்டு, மூணு குச்சி. வெளியே நீட்டினதை நறுக்கிட்டேன்.

— நுனி மருந்தை உடைச்சுட்டுத்தானே?

— ...முதல் தடவை மறந்துட்டேன்.

— அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி! நல்லவேளை, வீடு இருக்கு.

— சிரிக்காதே. கதவை எப்படித் தூக்கிப் பிடிக்கறது, அதைச் சொல்லு.

— தூக்கிப் பிடிக்கவே கூடாது. அடியில அட்டையை மடிச்சு முட்டுக் கொடு. பாரம் முட்டுல நிக்கட்டும்.

— நிக்குது.

— மேல் ஸ்க்ரூவைப் பாதி திருகு. கீழே பாதி. அப்புறம்தான் ரெண்டையும்... முதுகைத் திருப்பிட்டு என்னக்கா பண்றே?

— சோப்பு தேடறேன்!

— ஆங், அதை மறக்காதே. ஸ்க்ரூ மரையில ஒரு தேய் தேய்ச்சுட்டா வழுக்கிட்டுப் போகும்.

— தேய்ச்சாச்சு, தேய்ச்சாச்சு. உன் சோப்புப் புராணம்... ம்ம்... ம்ஹும்... அப்பாடி! நாளைக்கும் விழுந்துச்சுன்னா தச்சரைக் கூப்பிட்டு, கீலையே மாத்தி, ஆணி அடிச்சு மடக்கிடச் சொல்றேன்.

— வேண்டாம்!

— ஏன் வேண்டாம்?

— வேண்டாம்னா வேண்டாம்.

— கதவுக்கு இவ்ளோ குரல் வருதே. இப்ப உன் முதலாளி வந்து கேப்பாரு, அப்ப வாய் திறப்பியா? உனக்குக் கை விழுந்ததுல இருந்து அஞ்சு மாசமா உன் இடத்தைக் காலியா வெச்சிருக்காரு மனுஷன். கை வருமா, இல்ல வேற ஆளைப் போட்டுக்கட்டுமான்னு...

— அந்தப் பேச்சை விடுக்கா.

— தையல் மிஷின் பட்டறையில வாயால ஸ்க்ரூ முறுக்க முடியாதுடா.

— அக்கா.

— என்ன?

— கதவு தானா விழலை.

— பேய் வந்து தள்ளுதா?

— நீ வேலைக்குப் போனதும்... நான்தான் கழட்டறேன்.

— எந்தக் கையால?

— முதல்ல இடது கைதான். வலது கை சும்மா மேல ஒட்டிட்டு இருக்கும், சொல்பேச்சு கேக்காத பிள்ளை மாதிரி. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா... வலது.

— கரண்டியே பிடிக்காதுன்னாரே டாக்டர், அந்தக் கையா?

— அதேதான்.

— என்கிட்ட ஏன்டா சொல்லலை?

— சொல்லி, முடியாமப் போச்சுன்னா... உன் மூஞ்சியைப் பார்க்கணுமே.

— இந்தா, ஸ்க்ரூடிரைவர். கழட்டு.

— இப்பவா? நீ பார்க்கறப்பவா?

— கண்ணை மூடிக்கவா? கழட்டுடா!

— ம்... ம்ம்...

— மூச்சை அடக்காதே.

— அசையலைக்கா...

— அசையும்.

— விரல் மடங்க மாட்டேங்குது...

— மடங்கும். பிடியை விடாதே.

— இன்னிக்கு ஏன் இவ்ளோ... ஏய்... திரும்புது! திரும்புதுக்கா!

— சுத்து! சுத்துடா என் ராஜா!

— வந்துடுச்சு! உள்ளங்கையில பாரு! அடுத்ததும்... வருது, வருது... கதவைப் பிடி, கதவை!

— பிடிச்சுட்டேன்! ஐயோ, என் கால் விரல்! பரவாயில்ல, பரவாயில்ல!

— ரெண்டும்! ரெண்டும் வலது கையாலக்கா!

— மணி அடிக்குது. அவர்தான். எழுந்திரு. அந்த ரெண்டையும் கொண்டு போய் அவர் கையில வை.

— இரு... அவசரப்படாதே.

— இன்னும் என்ன?

— இது சோப்புல வழுக்கிட்டு வந்ததுக்கா. பட்டறையில துரு ஏறி இறுகிக் கிடக்கும். அங்கே எவன் எனக்குச் சோப்பு தேய்ச்சு வெப்பான்?

— எந்தச் சோப்புடா? ஒரு நாள் ஸ்க்ரூடிரைவர் உன் நாற்காலிக்கு வலது பக்கம் கிடந்துச்சு. அன்னிக்கே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அதுல இருந்து தினம் முந்தின நாளை விடக் கொஞ்சம் இறுக்கித்தான் முறுக்கறேன். இன்னிக்கு முட்டியைக் கதவுல ஊனி, ரெண்டு கையும் போட்டு... மூணு வாரமா அந்த ஸ்க்ரூ சோப்பையே பார்க்கலைடா!