மெர்வுக்கு ஒரு போர்வை

டாமிர்: சாவியை எடு கெரின்.

கெரின்: எடுக்கிறேன்... சிப்ஸ் ஆறுது பாரு, முதல்ல தின்னு.

டாமிர்: எனக்கு வேண்டாம். ரெண்டு பேர் சாவியையும் கம்ப்யூட்டர்ல சொருகினா ரெண்டு நிமிஷ வேலை. மூடிட்டு நான் போய் பையைக் கட்டணும். விடிஞ்சா சுரங்க வேலைக்கு பிளைட்.

கெரின்: நாலு வருஷமா கட்டினதை மூட ரெண்டே நிமிஷம்.

டாமிர்: அந்த ஏற்பாடும் நீ பண்ணதுதான். ஒருத்தர் கோவத்துல மூடிடக் கூடாது, ரெண்டு சாவியும் சேர்ந்தாத்தான் நம்ம கூக்கபரா சைட் அடங்கணும்னு.

கெரின்: அப்போ நான் புத்திசாலி.

டாமிர்: அப்போ நம்ம சைட்டோட டிஜிட்டல் காயின் விலை ஏறிக்கிட்டிருந்துச்சு. இந்த ஃப்ரீமாண்டல் ஊர்ல எல்லாருமே புத்திசாலிதான் அப்போ. பிளாக்செயின்னு சொன்னாலே நாற்காலி போட்டு உக்கார வெச்சானுங்க. இப்போ கீழ மீன் கடைக்காரன்கூட அந்தப் பேச்சை எடுத்தா டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான்.

கெரின்: டேய்... அந்தச் சுரங்கத்துல போன் சிக்னல் இருக்குமா?

டாமிர்: இருக்கும், இருக்காது, எனக்கென்ன தெரியும்? நேத்தும் இதையேதான் கேட்ட.

கெரின்: சும்மா கேட்டேன்.

டாமிர்: சாவி.

கெரின்: இன்னைக்கு வெள்ளிக்கிழமை. அறிக்கை போடாம மூட மாட்டேன். விலை விழுந்த நாள்லேருந்து ஒரு வெள்ளிகூடத் தவறினதில்ல.

டாமிர்: மூடுற அன்னைக்கு முன்னேற்ற அறிக்கையா! சாவு வீட்டுல கேக் வெட்டுற மாதிரி.

கெரின்: கேளு. 'இந்த வாரம் படம் ஏத்துறது வேகமாச்சு. புஸ்ஸல்டன் ஊர்ல போர்வை தைக்கிற குழு கேட்டதால எழுத்தைப் பெரிசாக்க ஒரு பொத்தான் வெச்சிருக்கோம். குரல்ல பதிவு போடுறது டெஸ்ட் சைட்ல ஓடுது. இப்போதைக்கு அதுக்குள்ள எங்க ரெண்டு பேராலதான் போக முடியும்...'

டாமிர்: யாரு படிக்கப் போறா இதை?

கெரின்: மெர்வ் படிப்பார்.

டாமிர்: அந்தச் சிப்ஸை இங்க தள்ளு.

கெரின்: இப்போதானே வேண்டாம்னே.

டாமிர்: பசிக்குது. அது தப்பா?

கெரின்: தின்னு தின்னு. ஆனா ஏன் எழுந்து எழுந்து ஜன்னல்கிட்டப் போற? மழை எங்கேயும் ஓடிடாது.

டாமிர்: இங்க பாரு, நான் ஒளிச்சுப் பேசல. பணம் போட்டவங்க போனை எடுக்கிறதில்ல. காயின் வாங்கினவங்க எல்லாம் வித்துட்டு ஓடிட்டாங்க. மிச்சம் யாரு? துணி தைக்கிற கூட்டம்.

கெரின்: அவங்களுக்கு காயின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாதுடா! அதனாலதான் விலை விழுந்தும் போகல. விளம்பரம் இல்ல, திட்டுறவன் இல்ல, எழுதினதை எவனும் அழிக்க முடியாதுன்னு வந்தாங்க. நாம நெனச்சது அவங்களைத்தானே?

டாமிர்: நாம நெனச்சது லட்சம் பேரை.

கெரின்: இவங்க முப்பத்தஞ்சு பேரு. அப்புறம் மெர்வ்.

டாமிர்: மெர்வ், மெர்வ்! அந்தாளை விட்டா வேற ஆளே இல்லியா?

கெரின்: உனக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்? விலை விழுந்து எல்லாரும் ஓடின நேரத்துல வந்து சேர்ந்த மனுஷன். தினம் காலையில தன் ஊர்லேருந்து, 'எஸ்பரன்ஸ்ல காத்து தெற்கிலேருந்து. எல்லாரும் இருக்கீங்களா?' அவ்வளவுதான் எழுதுவார். அந்த ஒரு வரிக்காக நான் எழுந்த நாள் உண்டு.

டாமிர்: ஒரு கிழட்டு மீன்காரன் காத்தைப் பத்திச் சொன்னதுக்கா?

கெரின்: உங்கப்பாவும்தான் நண்டுப் படகுல போனவர். காத்தைப் பத்தி நீயும்தான் மணிக்கணக்காப் பேசுவ.

டாமிர்: ...பேச்சை மாத்தாத. சாவி.

கெரின்: இரு, இன்னொண்ணு இருக்கு. அந்த மூலையில இருக்கிற பார்சலைப் பார்த்தியா?

டாமிர்: பார்த்தேன். யாருக்கு?

கெரின்: மெர்வுக்கு. புஸ்ஸல்டன் அம்மாக்கள் ஆளுக்கு ஒரு துண்டுன்னு தச்சு ஒரு போர்வை பண்ணியிருக்காங்க. எத்தனை தடவை கேட்டும் அவர் முகவரி தரல. அதான் நம்மகிட்ட அனுப்பி, எப்படியாவது சேர்த்துடுங்கன்னாங்க.

டாமிர்: அடக் கடவுளே.

கெரின்: என்ன?

டாமிர்: ஒண்ணுமில்ல. உப்பு ஜாஸ்தி.

கெரின்: செப்டம்பர்ல வேன் பிடிச்சு எஸ்பரன்ஸுக்கே போறாங்களாம், அவரைப் பார்க்க. கேக் வேற செய்யறாங்க.

டாமிர்: போக வேண்டாம்னு சொல்லு!

கெரின்: நான் ஏன் சொல்லணும்?

டாமிர்: அவ்வளவு தூரம்... வயசானவங்க... அந்தாள் வீட்டுல இல்லன்னா?

கெரின்: எங்க போயிடப் போறார்? அவர் பாட்டுக்கு நாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு.

டாமிர்: கெரின், சொன்னாக் கேளு. இன்னைக்கே மூடிடுவோம். மூடிட்டா அவங்க மெதுவா மறந்துடுவாங்க. யாருக்கும் மனசு உடையாது.

கெரின்: அப்போ காயின் விழுந்ததுக்காக மூடல.

டாமிர்: அதுக்கும்தான்!

கெரின்: 'அதுக்கும்'னா? வேற எதுக்கு?

டாமிர்: இதோ, என் சாவியைச் சொருகிட்டேன். பச்சை விளக்கு எரியுது பாரு. இப்போ உன் முறை.

கெரின்: சுவத்துல நீ உன் கையால எழுதின பலகையைப் படி.

டாமிர்: வேண்டாம்.

கெரின்: படிடா.

டாமிர்: ...'இங்கே ஒருத்தருக்கு ஒரு பேர். பொய் ஆள் கிடையாது.'

கெரின்: ம்.

டாமிர்: கெரின்... மெர்வ்னு யாரும் இல்ல. நான்தான். விலை விழுந்தப்போ ஒரு வாரம் ஒருத்தரும் ஒரு வரி எழுதல. நீ அந்த வெத்துப் பக்கத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்த. சாப்பிடல, வீட்டுக்குப் போகல. எனக்குப் பயமாயிடுச்சு. ஒரே ஒரு நாள்னுதான் ஆரம்பிச்சேன். நீ பதில் போட்ட. அப்புறம் அந்த அம்மாக்களும் போட்டாங்க. நிறுத்த முடியல. எனக்கும் அந்த ஆளைப் பிடிச்சுப் போச்சு... திட்டு. என்ன வேணா சொல்லு. எதையாவது எடுத்து அடி.

கெரின்: சிப்ஸ்தான் இருக்கு அடிக்க.

டாமிர்: விளையாடாத!

கெரின்: போன ஆகஸ்ட்ல ஒரு நாள், பெருமழை. காலையில டெஸ்ட் சைட்டைத் திறந்தேன். 'எஸ்பரன்ஸ்ல காத்து தெற்கிலேருந்து. எல்லாரும் இருக்கீங்களா?'

டாமிர்: டெஸ்ட் சைட்லயா... ஐயோ. தூக்கக் கலக்கத்துல தப்பான இடத்துல போட்டுட்டேனா?

கெரின்: நானும் நீயும் மட்டும் போற இடம். அங்க எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டு நின்னார் உன் மெர்வ். பத்து நிமிஷம் கழிச்சு நல்ல பையனா அதையே சரியான இடத்துல போட்டாரு.

டாமிர்: அன்னைக்கேவா தெரியும்? வாயைத் திறக்கவே இல்லியே நீ!

கெரின்: திறந்தா நிறுத்தியிருப்ப.

டாமிர்: இரு, இரு. ஆகஸ்ட்டுக்கு அப்புறமும் அவருக்குத் தனியா எழுதினியே. அம்மா ஆஸ்பத்திரியில இருந்தது, தூக்கம் வராதது... 'டாமிர் சுரங்கத்துக்குப் போயிட்டா திரும்பி வரமாட்டானோன்னு பயமா இருக்கு மெர்வ்'னு. போன வாரம்கூட. தெரிஞ்சுக்கிட்டே அவர்கிட்ட ஏன் சொன்ன?

கெரின்: உன்கிட்ட நேர்ல சொன்னா உடனே ஒரு ஜோக் அடிப்ப. மெர்வ் அடிக்க மாட்டார். 'வருவான் பொண்ணே, அவனுக்கும் போக இடம் கிடையாது'ன்னு எழுதினாரே. அது அவரா சொன்னதா, நீ சொன்னதா?

டாமிர்: ...நான்தான்.

கெரின்: அப்போ உன் சாவியை வெளிய எடு.

டாமிர்: அந்த அம்மாக்கள்கிட்ட?

கெரின்: நீயே சொல்லிடு, அவங்க வேன் கிளம்புறதுக்குள்ள. திட்டுவாங்க, வாங்கிக்கோ. கேக்கை நான் வாங்கிக்கிறேன்.

டாமிர்: கெரின்...

கெரின்: சுரங்கம் இருக்கிற பக்கம் ராத்திரியில ரொம்பக் குளிருமாம். போர்வையைப் பையில வை. சிக்னல் இருந்தா, காலையில காத்து எங்கேருந்து அடிக்குதுன்னு எழுது. ஆனா இனிமே உன் பேர்ல எழுது.