வெளிநாட்டுக்காரன் என்ன சொல்றான்

கத்தரிக்கோலை இரவல் கொடுப்பது எனக்குப் பிடிக்காது, ஐயா. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை, ஒரே கத்தரிக்கோல். வெளிநாட்டுப் பத்திரிகைகள் தபாலில் வரும். எங்கள் நிகழ்ச்சிகளைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, அதன் கீழே மொழிபெயர்ப்பைத் தட்டச்சு செய்து, பத்து மணிக்குள் நிர்வாகியின் மேசையில் வைக்க வேண்டும். நிலையத்தில் எனக்குப் 'பசை' என்று பட்டப்பெயர். அந்தப் பத்திரிகைகளின் மொழி தெரிந்தவன் அங்கே நான் ஒருவன்தான். இத்தனை வருடத்தில் என் கோப்பில் பிழை என்று ஒருவரும் ஒரு தாளைத் திருப்பி அனுப்பியதில்லை.

நிர்வாகி தங்கமான மனிதர். சொந்தமாக ஒரு கருத்து வைத்துக்கொண்டு யாரையும் தொந்தரவு செய்யமாட்டார். காலையில் கோட்டைக் கழற்றும்போதே, "என்னய்யா பசை, வெளிநாட்டுக்காரன் என்ன சொல்றான்?" என்பார். அவன் நன்றாக இருக்கிறது என்றால் இவருக்கும் நன்றாக இருக்கும். அவன் வாயே திறக்காவிட்டால் அந்த நிகழ்ச்சிக்கு ஆயுசு முடிந்தது என்று அர்த்தம்.

'உப்புக் கிரகம்' தொடரைப் பற்றி வெளிநாட்டுக்காரன் வாயைத் திறக்கவில்லை. பதினோராவது வாரத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதை எழுதியவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. எங்கள் வீட்டு மாடியறையில்தான் இருந்தான். தொடர் எப்படி என்று கேட்டால் நேர்மையாகச் சொல்கிறேன். விண்கலம் என்று காட்டியது துணி துவைக்கும் இயந்திரத்தின் உள்தொட்டி. கிரகத்து மலைகள் எல்லாம் காலி மூட்டைகள். ஒரு மலையின் உச்சியில் 'ஈரம் படாமல் வைக்கவும்' என்று எழுதியிருந்தது தெளிவாகத் தெரிந்தது. அந்தக் கிரகத்து ஆள் பூமியில் வந்து இறங்கியதும் குடியேற்ற அலுவலக வரிசையில் போய் நிற்பான். ஏழு வாரம் நின்றான். முன்னால் நிற்பவரோடும் பின்னால் நிற்பவரோடும் பேசிக்கொண்டே நின்றான். அந்த இடங்களை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

தொடர் நின்றதும் மச்சினன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். மூன்று வாரம் அப்படியே கிடந்தான். சாப்பாட்டுத் தட்டு மேலே போகும், போனபடியே கீழே வரும். மனைவி சமையலறையில் நின்று அழுதாள்.

"உங்களுக்குத்தான் அத்தனை பேப்பர் வருதே. எவனாவது ஒருத்தன் என் தம்பியப் பத்தி நல்லதா ரெண்டு வார்த்தை எழுதியிருக்க மாட்டானா?"

எழுதவில்லை. எப்படி எழுதுவான், அங்கே யாரும் அதைப் பார்க்கவே இல்லையே. ஆனாலும் கட்டின மனைவி கேட்கிறாள். மறுநாள் ஒரு துண்டு வெட்டினேன். மாட்டுத்தீவனக் கலப்படம் பற்றிய செய்தி அது. அதன் கீழே தட்டச்சு செய்தேன்: 'காலத்தை முந்திக்கொண்டு வந்த தொடர். நிறுத்தியவர்களை வரலாறு மன்னிக்காது.' அன்று மச்சினன் கீழே இறங்கி வந்து இரண்டு தட்டு சாப்பிட்டான்.

அதன் பிறகு வாரம் ஒன்று. மொத்தம் பதினான்கு. முதல் இரண்டை இரக்கப்பட்டுத்தான் எழுதினேன். மூன்றாவதில் என் விமர்சகருக்கு ஒரு நடை கைகூடிவிட்டது. கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் நக்கல், கடைசி வரியில் ஒரு பெருமூச்சு. தொடரில் வரும் போர்க்காட்சிகளில் அவருக்கு அலாதிப் பிரியம். மச்சினன் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பான்.

"அத்தான், இந்த ஆளு எழுதறதப் பாருங்களேன். நம்ம ஊர்ல எவனுக்காவது இப்படி ஒரு வரி வருமா?"

"வராதுதான் மாப்பிள்ளை," என்பேன். என் எழுத்தை ஒருவர் பாராட்டி நான் கேட்டது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை நிர்வாகியின் கோப்பிலும் வைத்தேன். வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்று நடக்க எனக்குத் தெரியாது. அவர் எட்டாவது விமர்சனத்தைப் படித்துவிட்டு மேசையைத் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன், இது பெரிய அளவுல பேசப்படும்னு. இத நிறுத்துனது எவன்?" நிறுத்திய உத்தரவில் அவருடைய கையெழுத்துதான் இருந்தது. நான் சொல்லவில்லை. பெரியவர்களைச் சங்கடப்படுத்துவது அழகல்ல. இரண்டாம் பாகம் எழுதச் சொல்லி மச்சினனுக்கு ஆள் அனுப்பினார். மாடியில் மறுபடி தட்டச்சுச் சத்தம் கேட்டது. என் மனைவி அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே வேலை செய்வாள்.

இங்கேதான் ஒரு அம்மாள் கதைக்குள் வந்து சேர்ந்தார். வெளிநாட்டு நிருபர், நிஜமானவர். ஏதோ கண்காட்சியில் பதினோரு வாரத்தையும் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். அரைப்பக்கம் எழுதியிருந்தார். விண்கலம் வெறும் சிரிப்பு, போர்க்காட்சிகள் வீண், ஆனால் அந்த வரிசைக்காகவே இதை எழுதியவனைக் கொண்டாட வேண்டும் என்று எழுதியிருந்தார். பதினான்கு வாரத்தில் என் விமர்சகர் அந்த வரிசையைப் பற்றி ஒரு சொல் எழுதியதில்லை. போகட்டும், ரசனை ஆளுக்கு ஆள் மாறும். கடைசி வரியைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை: 'இந்தத் தொடரைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் இதுவரை ஒருவர்கூட எழுதாதது வெட்கக்கேடு.' கூடவே மச்சினனுக்கு ஒரு கடிதம். தம் நாட்டுத் தொலைக்காட்சி நிலையம் தொடரை மேற்கொண்டு எடுக்கத் தயார், உடனே புறப்பட்டு வரவும் என்று. அந்த மொழிக் கடிதம் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதைக் கொடுத்தால் பதினான்கு துண்டுகளும் மாட்டுத்தீவனம் ஆகிவிடும். என் இருபத்திரண்டு வருடமும் அதோடு போகும். அதனால் பணிவாகப் பதில் எழுதினேன்: தாங்கள் பாராட்டிய எழுத்தாளர் சென்ற வாரம் தம் வீட்டு மாடிப்படியில் தவறி விழுந்து காலமானார். அதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் இளகிய மனசுக்காரர் போலிருக்கிறது. முழுப்பக்க அஞ்சலி, கறுப்புக் கட்டத்துக்குள் மச்சினனின் புகைப்படம், கீழே மாடிப்படியில் விழுந்தது உட்பட எல்லாம். எனக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்த மாதம் இன்னொரு கடிதம் வந்தது. வியாழக்கிழமை நேரில் வருகிறேன், குடும்பத்தாரைப் பார்த்துக் கல்லறையில் பூ வைக்க வேண்டும்.

அஞ்சலி அச்சில் வந்துவிட்டது, ஐயா. வெளியாட்களுக்கு இது புரியாது. அந்தப் பத்திரிகையில் தவறு வந்தால் இரண்டாம் பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் போடுவார்கள், தவறான தகவல் தந்தவரின் பெயரோடு. அச்சில் இருப்பதை மாற்ற வேண்டும், இல்லை வீட்டில் இருப்பதை மாற்ற வேண்டும். அச்சு என் கையில் இல்லை. அவனுக்காகவும் யோசித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்த அம்மாள் பூவோடு வந்து நின்றால் கதவைத் திறப்பவன் அவன்தான். பழையபடி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். அந்தக் கண்றாவியை அவன் அக்கா இன்னொரு தடவை பார்க்க வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். மேலே போனால், மச்சினன் தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

"முடிச்சிட்டேன் அத்தான். மொதல்ல நீங்கதான் படிக்கணும். வெளிநாட்டுக்காரன் கெடக்கான், எனக்கு உங்க வார்த்தைதான் முக்கியம்."

கீழே கூடத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும், வா என்றேன். அவன் முன்னால் இறங்கினான். நான் பின்னாலிருந்து தள்ளினேன். ஒரே தள்ளுதான். மாடிப்படியை நான் தேர்ந்தெடுத்ததாக நினைக்காதீர்கள், அது ஏற்கெனவே அச்சில் வந்திருந்தது.

தாள்களைப் பொறுக்கி அடுக்கிப் படித்துப் பார்த்தேன். வரிசையில் நிற்கிற காட்சி ஒன்றுகூட இல்லை. முதலிலிருந்து கடைசிவரை போர். என் விமர்சகர் சொன்னதை அவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்கிறான். பாவம்.

வியாழக்கிழமை அந்த அம்மாள் வந்தார். அவர் கையில் ஒரு மாதத்துக்கு முந்தைய அஞ்சலி, எங்கள் வீட்டில் இரண்டு நாளைக்கு முந்தைய சாவு. அவருக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. என் மனைவி என் முகத்தையே பார்ப்பதில்லை. துக்கம், போகப்போகச் சரியாகிவிடும். தேதி ஒன்றுதான் பிசகு. மற்றபடி அந்த அஞ்சலியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

இப்போது நீங்கள் இன்றைய வெளிநாட்டுப் பத்திரிகையை என் முன்னால் போட்டு, "என்னய்யா, என்ன சொல்றான்?" என்கிறீர்கள். முதல் பக்கத்தில் என் படம். உங்கள் இலாகாவிலும் அந்த மொழி தெரிந்தவர் கிடையாது போலிருக்கிறது. என் கத்தரிக்கோலைச் சாட்சிப் பொருள் என்று எடுத்து வைத்துவிட்டீர்கள், உங்களுடையதைக் கொடுங்கள். வெட்டி ஒட்டித் தருகிறேன். எழுதிக்கொள்ளுங்கள்: 'மைத்துனனின் புகழுக்காகத் தன் வாழ்க்கையையே கொடுத்த அரிய மனிதர். இவரைக் கைது செய்தவர்களை வரலாறு மன்னிக்காது.'

உள்ளது உள்ளபடி, ஐயா. ஒரு சொல் கூட்டவில்லை.