இருபது நிமிசப் பயணமும் இராகு காலமும்

இந்த இடத்தில ஒரு சின்னக் கதையைச் சொல்லிப்போட்டு மேல போவம்... கேளுங்கோ.

நோர்வேயின்ர வடக்கு அந்தம். மீன் பக்டரி வேலைக்கெண்டு எங்கட சனம் போய்க் குடியிருக்கிற பக்கம். அங்க ரெண்டு குட்டி ஊர். பேரைச் சொன்னா உங்கட வாயில நுழையாது, விடுங்கோ. ஒண்டில எங்கட மகேசன் அண்ணையும் புஷ்பராணி அக்காவும். மற்றதில அவையின்ர மகள் வதனி. நடுவில கடலும் மலையும். ரோட்டால சுத்திப் போனா ஒரு முழு நாள்... சின்னப் பிளேனில ஏறினா? இருபது நிமிசம்! தேத்தண்ணி ஆற முதல் இறங்கியிடுவியள்.

ஒரு திங்கட்கிழமை விடிய... விடிய எண்டு ஒரு பேச்சுக்குச் சொல்லுறன், மார்கழியில அங்க விடியிறேல்லை... வதனி போன் எடுக்கிறாள். "அப்பா, வயித்துக்குத்துத் துவங்கீட்டுது. அவர் கடலுக்குப் போட்டார். நான் ஆசுப்பத்திரியில தனிய நிக்கிறன். ரெண்டு பேரும் உடன வாங்கோ!"

தலைப்பிள்ளை. புருஷன் பக்கத்தில இல்லை. அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பயமா இருந்திருக்கும்?

எட்டு மணிக்குப் பிளேன். அக்கா பையோட வாசல்ல நிக்கிறா. அண்ணை எங்க நிக்கிறார்? கலண்டருக்கு முன்னால! யாழ்ப்பாணத்தில அடிச்ச கலண்டர். "இஞ்சரப்பா, திங்கள் ஏழரையில இருந்து ஒன்பது மட்டும் இராகு காலம். பிள்ளைப்பேறு விசயம்... பத்தரைப் பிளேனில போவம். இருபது நிமிசம்தானே!"

அக்கா என்ன சொன்னா தெரியுமே? "இராகு காலத்தைச் சூரியன் உதிக்கிறதில இருந்துதானே எண்ணுறது? இஞ்ச நாங்கள் சூரியனைக் கண்டே ஒரு மாசமாச்சு. உதிக்காத சூரியனுக்கு என்ன இராகு? நீங்கள் ஆறுதலா வாங்கோ... நான் போறன்."

எட்டு மணிப் பிளேனில ஏறிப் போட்டா! இறங்கின கையோட ஆசுப்பத்திரிக்கு ஓடி, மகளின்ர கையைப் பிடிச்சதுதான் தாமதம்... ஒன்பது அடிக்க முதல் பேத்தி பிறந்திட்டுது.

அண்ணை? நல்ல நேரத்தில, வலது காலை வைச்சு, பத்தரைப் பிளேனில ஏறினார். மகளின்ர ஊருக்கு மேல வந்தா... ஒரே பனிப்புகார், கீழ ஒண்டும் தெரியேல்லை. பைலட் சொல்லுறான், "இஞ்ச இறங்கேலாது." கொண்டுபோய் அங்கால வேறொரு ஊரில இறக்கி விட்டுட்டான். மகளின்ர தலைக்கு மேலால பறந்து போனார் மனுசன்! பிறகு பஸ், பிறகு கப்பல், பிறகும் பஸ்... அடுத்த நாள்தான் வந்து சேர்ந்தார்.

கதவடியில நிண்டு கண் கலங்கினார். உள்ள வர வெக்கம். வதனி சிரிச்சுக்கொண்டு கேட்டாள்: "அப்பா, இவள் உங்கட இராகு காலத்துக்குள்ளதான் பிறந்தவள். தூக்குவியளோ... இல்லாட்டி இதுக்கும் நேரம் பாக்கோணுமோ?"

ஓடி வந்து வாங்கி நெஞ்சோட அணைச்சார் பாருங்கோ... திருப்பிக் குடுக்கவேயில்லை.

என்ர அருமையான சனங்களே, நேரம் பாக்கிறது பிழையெண்டு நான் சொல்ல வரேல்லை. கலியாணத்துக்குப் பாருங்கோ, வீடு குடிபூரப் பாருங்கோ. ஆனா "உடன வா" எண்டு ஒரு உயிர் கூப்பிடேக்க, கூப்பிட்ட அந்த நேரம்தான் நல்ல நேரம். அந்த ரெண்டு ஊருக்கும் நடுவில எவ்வளவு தூரம்? வெளிக்கிட்டவவுக்கு இருபது நிமிசம். யோசிச்சுக்கொண்டு நிண்டவருக்கு ஒரு முழு நாள்!

உங்களை இண்டைக்கு ஆர் கூப்பிட்டுக்கொண்டிருக்கினம்? ஆரின்ர போனை நீங்கள் பிறகு எடுப்பம் எண்டு வைச்சிருக்கிறியள்? எழும்பிப் போங்கோ... என்ர பேச்சு பாதியில நிண்டாலும் பரவாயில்லை, நான் கோவிக்கமாட்டன்!