இடதுகைக் கட்டு

"கட்டினேன்னா கட்டினேன். எத்தனை தடவை கேட்டாலும் அதான் பதில்."

"கட்டின கயிறு தானா அவிழுமா? மாடு கை நீட்டி அவிழ்த்துச்சா?"

"என் கட்டை மாட்டால அவிழ்க்க முடியாது. உங்களாலயே முடியாது."

"அப்ப நீதான் கட்டலை. போய்ப் பாரு, நுரை தள்ளிக் கிடக்கு உன் சீமாட்டி."

உங்கள் தங்கையும் அவள் புருஷனும் போட்ட இந்தச் சண்டை காதில் விழுந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடியை வேலியோரமாகக் கட்டியிருப்பதற்கு அங்கே அடிக்கும் வெயில்தான் காரணம், வேறு எதுவும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் தங்கை எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். 'பெரியக்கா, எனக்குப் புத்தி பிசகுது, கட்டினதை நானே அவிழ்க்கறேன் போல' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்குப் புத்தி பிசகவில்லை. அந்த மட்டில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அதைச் சொல்லத்தான் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். தண்ணீர் அப்படியே இருக்கிறது, குடியுங்கள்.

அவர்கள் வீட்டில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும் என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டா குழம்பு வைக்க முடியும்? ஒன்றரை ஏக்கர் சோளம், ஒரு பசு, நாலு ஆடு, எண்ண முடியாத கோழிகள். அவள் புருஷனுக்கு நான் வைத்த பெயர் சங்கு. ரகசியம் பேசினாலும் பஸ் நிறுத்தம் வரை கேட்கும். பசுவுக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தது உங்கள் தங்கை. கழுவாத வாளியில் தண்ணீர் வைத்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர் போய் ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. காலையில் பால் கொண்டுவருகிற சாக்கில் உங்கள் தங்கை வாசற்படியில் உட்காருவாள். 'அக்கா' என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம். அந்த அரைமணி நேரத்தை வைத்துத்தான் மீதிப் பொழுதை நான் ஓட்டினேன். அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாமோ என்னவோ.

போன கோடையில் சோளம் பாதி அறுத்திருந்தார்கள். ஒரு நாள் பால் செம்பைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "அறுப்பு முடிஞ்சதும் பெரியக்கா ஊருக்குப் போயிடறேன்க்கா. பட்டன் தைக்கிற வேலை இருக்காம். நிழல்ல உக்காந்து செய்யலாம். அவரு வந்தா வரட்டும், வராட்டி இங்கயே கத்திக்கிட்டுக் கிடக்கட்டும்."

"சீமாட்டியை யார் பார்ப்பா?" என்றேன்.

"உங்ககிட்டதான் விட்டுட்டுப் போறேன். உங்களைவிட்டா எனக்கு யாரு?"

என்னைவிட்டால் யாரும் இல்லை என்கிறவள் என்னை விட்டுப் போவாளா? மாட்டை விட்டுவிட்டுப் போகிறேன் என்றவள் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்கே தொழுவத்து வாசலை மூடுகிற படலிடம் கூட்டிப்போய் அந்த இடதுகைக் கட்டைச் சொல்லிக்கொடுத்தாள். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் இடதுகைப் பழக்கமாமே. சுருக்கை உள்பக்கமாகப் போட்டு, நுனியைக் கீழே இருந்து இழுக்க வேண்டும். காலையில் நீங்கள் அந்தப் பக்கம் போய்விட்டுத் திரும்பும்போது படலைக் கட்டினீர்கள், பார்த்தேன். அதே கட்டு. எனக்கு அவிழ்க்க வந்துவிட்டது. கட்டத்தான் கடைசிவரை வரவில்லை.

அறுத்த பாதியில் ஒரு மழை விழுந்து, சோளத்தின் அடிக்கட்டைகளில் துளிர் விட்டிருந்தது. மாட்டுக்கு அது விஷம். அந்தத் துளிர் சுத்தமாகக் காய்கிறவரை படலை யாரும் திறந்துவைக்க மாட்டார்கள். நான் நினைத்தது இவ்வளவுதான்: சீமாட்டிக்குக் கொஞ்சம் உடம்புக்கு வந்தால், பக்கத்தில் இருந்து பார்க்க அவள் பதினைந்து நாள் தங்குவாள். துளிர் தின்ற மாடு பிழைக்காது என்று எனக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். எங்கள் காளை அப்படித்தான் செத்தது. ஆனால் எல்லா மாட்டுக்கும் ஒரே மாதிரியா ஆகும்?

அந்தச் சண்டை முற்றி என் வாசலுக்கு வந்தது. அவர்கள் சண்டை எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வரும். கயிறு அறுபடவில்லை, கடிபடவில்லை, சுத்தமாக அவிழ்ந்திருந்தது. சங்கு அதைத் தூக்கிக் காட்டினார்.

"அக்கா, நீங்க ஜன்னல்லதானே இருந்தீங்க" என்றாள் உங்கள் தங்கை. "காலையில நான் கட்டினேனா இல்லையா, சொல்லுங்க."

இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். என்னை அப்படி யாராவது பார்த்து எத்தனையோ வருடம் ஆகிறது. "கயிறைக் கையில எடுத்தே. கட்டின மாதிரித் தெரியலைம்மா" என்றேன்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். என்னைச் சந்தேகிக்கவில்லை. இந்த ஊரில் அந்தக் கட்டை அவிழ்க்கத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு பாசம்.

"மாட்டைக் கொன்னுட்டு எந்த மூஞ்சியோட பஸ் ஏறுவேன்?" என்று சொல்லிப் பயணத்தை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் இருபது நாள், பால் இல்லாமலே வந்தாள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. என் தோளில் சாய்ந்து அழுவாள், நான் தலையைக் கோதிவிடுவேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நல்ல நாட்கள் அதிகம் இல்லை.

அழுகை எத்தனை நாளைக்கு நீடிக்கும்? இருபத்தோராம் நாள் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். பெரியக்காவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன், மீதி அறுப்பு முடிந்ததும் கிளம்புகிறேன் என்றாள்.

அதனால் திரும்பவும் அவிழ்த்தேன். இந்தத் தடவை உள்ளே ஆடுகள். ஆனால் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவளே முதலில் பார்த்துவிட்டாள். அவள் கட்டிவிட்டுப் போவாள், நான் அவிழ்ப்பேன், அவள் வந்து பார்ப்பாள். நாலைந்து நாள் இப்படி. கதிர் அடிக்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவருவாள். அடுப்பை அணைத்தேனா, கோழியை அடைத்தேனா என்று எல்லாவற்றையும் என்னிடம் கேட்டாள். பத்து விரலையும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள் ஒரு நாள். உங்களுக்கு இந்தக் கடிதத்தை எழுதியது அப்போதுதான் இருக்கும்.

கடைசி நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. சங்கு களத்தில் மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு நான் அவிழ்த்ததோடு நிற்காமல் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உச்சிப்பொழுதில் வந்தாள். படலில் கயிறு இல்லை. ஆடுகள் வெளியே வராதபடி படலைக் கல்லால் முட்டுக்கொடுத்துவிட்டு, சோளக் கட்டைகளுக்குள் குனிந்து தேடினாள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. செருப்பு இல்லை, தலையில் துணி இல்லை. ஆடுகள் மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விழுந்தாள் என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். "அக்கா" என்று கூப்பிட்டாள்.

நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கேட்டது. உங்களைக் கூப்பிடுவதானால் பெரியக்கா என்பாள். வெறும் அக்கா என்றால் அது நான்தான். போயிருப்பேன். மடியில் கயிறு இருந்தது. அதை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது, சங்கு வந்துவிட்டார். வெயில் தாங்காமல் போய்விட்டாள் என்றார் டாக்டர். அது பொய் இல்லை. அன்றைக்கு உங்களைக் கட்டிப்பிடித்து அழுதேனே, அதுவும் பொய் இல்லை.

அவள் போகாமல் இருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். போய்விட்டாள். என் வருத்தத்தையும் நீங்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சங்கு மூன்றாம் மாதமே நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து ஆயாவைக் கட்டிக்கொண்டாராம். அந்த அம்மாவுக்குக் காது மந்தம் என்று கேள்வி, பொருத்தம் பார்த்துத்தான் செய்திருக்கிறார். ஆடுகளை ஓட்டிக்கொண்டுபோய்விட்டார். உங்கள் தங்கையின் பெட்டி தொழுவத்து மூலையிலேயே கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு இதோ, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குத்தகைக்கு வந்திருப்பது ஒரு சின்னப் பெண்ணும் அவள் புருஷனும். இரண்டு பசு, ஒரு கன்று. சண்டையே போடுவதில்லை, என்ன குடும்பமோ. நேற்றுக் காலையில் அந்தப் பெண் பால் கொண்டுவந்தாள், வாசற்படியில் உட்கார்ந்தாள், அக்கா என்றாள். அறுப்பு முடிந்ததும் புருஷனோடு டவுனுக்கே குடிபோகிற யோசனை இருக்கிறதாம்.

படலுக்குச் சாதாரண முடிச்சுதான் போடுகிறாள்.