சம்பந்திகளின் சண்டை

அறுபதுகளில் ஒருநாள். சீசன் முடிந்திருந்ததால் தென்காசி–குற்றாலம் பஸ்ஸில் கூட்டமில்லை. என் முன் சீட்டில் ஐம்பது தாண்டிய இரண்டு சம்பந்தியம்மாள்கள்.

"மதினி, இன்னைக்கு என்ன சண்டைன்னு சொல்லிட்டு வந்தீய?"

"நீங்க சீர் குடுத்த அண்டா ஒழுகுது, நேர்ல நாலு கேள்வி கேக்கப் போறேன்னு உங்க மவகிட்ட சொன்னேன். நீங்க?"

"நானும் ஒரு கை பாத்துட்டு வாரேன்னு என் மவன்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். மாத்துச் சேலை எடுத்தீயளா?"

"ரெண்டு பேருக்கும் இருக்கு. இன்னைக்கு ஆத்துல நீங்க கைய விட்டாலும் முங்க மாட்டேன், பாருங்க."

"நீச்சல் படிக்கோம்னு வீட்டுல சொன்னாத்தான் என்ன?"

"நல்லா இருக்கே! நாம சிநேகம்னு தெரிஞ்சா பேரப்பிள்ளையள நம்ம கூட அனுப்பிருவாவ. அப்புறம் கரையில உக்காந்து துணிக்குக் காவல் இருக்கணும்."

மேலகரத்தில் இருவருக்கும் தெரிந்த ஓர் அம்மாள் ஏறினாள். உடனே ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மற்றவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மாற்றுச்சேலைப் பை மட்டும் இருவர் மடியிலும் பாதிப்பாதியாகக் கிடந்தது.

"இன்னுமா தீரல உங்க சண்டை? நான் பேசி முடிச்சு வைக்கட்டுமா?"

"இந்தச் சென்மத்துல தீராதுக்கா" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.