எட்டுத் திரைக்கும் ஒரே சர்வர்

பிள்ளைகளைச் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொன்னது தூசிக்காகத்தான் இன்ஸ்பெக்டர் சார். சர்வருக்குத் தூசி ஆகாது. கோட்டாற்றில் மாடியில் நான் நடத்திய சென்டரில் உண்மையான கம்ப்யூட்டர் அது ஒன்றுதான். படிக்கிற எட்டுப் பேர் முன்னாலும் ஒரு திரை, ஒரு கீபோர்டு, கைக்கு அடக்கமான ஒரு சின்னப் பெட்டி. அவர்கள் அடிப்பதெல்லாம் என் அறையிலிருந்த சர்வரில்தான் ஓடும். செலவு குறைவு. எட்டுத் திரையையும் நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். தப்பாக அடித்தால் அவர்கள் திரையிலேயே எழுதித் திருத்தலாம். பாடம் நடத்த நல்ல வசதி.

ஷிஜி 2009 ஜூனில் சேர்ந்தாள். மணவாளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். டைப்பிங் முடித்துவிட்டு மஸ்கட்டில் இருக்கும் அக்காவிடம் போவதாக இருந்தாள். நல்ல பிள்ளை. என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஒருநாள் அவள் திரையில், ‘பச்சை உனக்கு நன்றாக இருக்கிறது’ என்று அடித்தேன். துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். நான் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்கும். மறுநாள் வேறு இடத்தில் போய் உட்கார்ந்தாள். ‘இடம் மாறினால் தெரியாதா?’ என்று எழுதினேன்.

அன்று அவளாகவே என் அறைக்கு வந்தாள்.

“அண்ணே, ஆரோ என்னயே பாத்துட்டு இருக்கான். எனக்குப் பயமா கெடக்கு. பஸ் ஸ்டாப்பு வர வாரியளா?”

போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு முறையாவது எழுதினேன். எழுதாத நாளில் அவள் தனியாகவே கிளம்பிவிடுவாள் சார். தம்பி எந்தப் பள்ளிக்கூடம், வீட்டுப் பின்வாசலுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் எழுதுவேன். அவளே வழியில் என்னிடம் சொன்னதுதான். மெலிந்துபோனாள். நகத்தை ரத்தம் வரக் கடித்திருந்தாள். நான்தான் சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். விசா வந்துவிட்டது என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டாமல் உள்ளே ஓடிவந்தாள்.

“அண்ணே, பின்னயும் எழுதுகான்...”

என் திரையைப் பார்த்தாள். அதில் அவள் திரை தெரிந்தது. என் விரல் நின்ற இடத்தில் வார்த்தையும் பாதியில் நின்றிருந்தது.

“நீங்களா?” என்றாள்.

படிக்கட்டுக்கு ஓடினாள். அதற்குள் நான் ஷட்டரை இழுத்துவிட்டேன். சத்தம் கேட்டால் கீழே கடைக்காரர்கள் தப்பாக நினைப்பார்களே என்று அவள் வாயையும் மூக்கையும் மூடிப் பிடித்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்கிறீர்கள். சர்வரில் பதிவாகியிருக்கும், பாருங்கள். அந்தப் பாதி வார்த்தைக்கும், அவள் அசைவு நின்றபின் நான் திரும்பி வந்து அவள் திரையை அணைத்ததற்கும் நடுவில் பதினொரு நிமிடம்.

அவ்வளவு நேரமும், “பயப்படாத மக்கா, நான்தான்” என்று அவள் காதில் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். எழுதுகிறவனைக் கண்டுதான் அவளுக்குப் பயம் சார். என்னைக் கண்டு அவள் ஒருநாளும் பயந்ததில்லை.